கிரேனுக்குக் கேட்ட கூவல்

இருபத்தேழு வயதாகும்வரை பாக்கியநாதனுக்குச் சொந்தமாக ஒரு பாட்டு வரவில்லை. விரல் இருந்தது, குரல் இருந்தது, அத்திப்பட்டு மாதா கோயில் பாடகர் குழுவில் ஆறு வருடம் கிட்டார் வாசித்த பழக்கமும் இருந்தது. அடுத்தவர் பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், அச்சு அசலாக வாசித்துவிடுவான். தன் பாட்டு என்று உட்கார்ந்தால் மட்டும் கை வேறு யாருடைய பாட்டுக்கோ ஓடிவிடும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை ஒன்றில் அவன் கிரேன் ஓட்டினான். புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு டயர் கடையின் மாடியில் அறை. ஞாயிறு மத்தியானங்களில் இரண்டு நண்பர்களோடு ராக் இசை. பேஸ் கிட்டார் வாசித்த ஷாகிர் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அவன் வாப்பா சலாஹுதீனுக்குப் புதுவாயலில் அரிசி குடோன் இருந்தது, மூட்டைகளுக்கு நடுவில்தான் பயிற்சி. டிரம்ஸ் அடித்த மணவாளன் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தான். குழுவுக்கு 'பிரேக்டவுன்' என்று பெயர் வைத்தார்கள். ஆலை இயந்திரமோ குடோன் லாரியோ நின்றுபோயிற்று என்று மூன்று பேர் காதிலும் தினம் நாலு தடவை விழுகிற சொல், வேறு தேடவில்லை.

2008 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அரசப்பன் என்பவர் குடோனுக்கு வந்தார். சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தவர். புதுக் குழுக்களின் பாட்டைப் பதிவு செய்து சிடி போடுகிறவர். ஒரு மணி நேரம் கேட்டார். கடைசியில் சொன்னார்: "நல்லா வாசிக்கிறீங்க. ஆனா எல்லாம் நான் ஏற்கெனவே கேட்டது. எவனோ வெள்ளைக்காரன் அழுததையே நீங்க ஏன் திரும்பி அழுவுறீங்க? உங்களுதுன்னு இன்னா இருக்கு? தீபாவளிக்குள்ள நாலு பாட்டு கொண்டாங்க. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அன்று முதல் பாக்கியநாதன் தினம் உட்கார்ந்தான். ஒன்றும் வரவில்லை.

ஆலையில் அவன் கிரேன் கூண்டு முப்பதடி உயரத்தில் இருந்தது. பெரிய காந்தத்தில் இரும்புக் கழிவைக் கவ்வித் தூக்கி, உலைக்கு மேலே கொண்டுபோய், மின்சாரத்தை அணைத்தால் மொத்தமும் உள்ளே விழும். புகையில் கீழே ஆள் இருப்பது தெரியாது. உலைவாயிலில் நிற்பவர் எல்லோரும் விலகியாயிற்று என்று விசில் ஊத வேண்டும். அந்த விசில் உடைந்து இரண்டு வருடமாகியிருந்தது. அதற்குப் பதிலாக அங்கே நின்ற லகன் மாஜி கூவுவான். ஒடிசாக்காரன், பலாங்கீர் பக்கம், காண்ட்ராக்டில் வந்தவன். அடித்தொண்டையில் நீளமாக ஒரு 'ஹோ'; அது தேய்ந்துபோகிற இடத்தில் சட்டென்று மேலே தாவுகிற ஒரு 'ஓய்'. ஆலை போடுகிற அத்தனை சத்தத்தையும் கிழித்துக்கொண்டு அது கூண்டுக்கு வந்து சேரும். வந்த பிறகுதான் பாக்கியநாதன் கைப்பிடியைத் தொடுவான். இரண்டு வருடம் இப்படியே போனது. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஒருமுறை பாக்கியநாதன் காய்ச்சலோடு வேலைக்கு வந்தபோது லகன் ஏணியேறி வந்து, தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் கழுத்தில் சுற்றிவிட்டு இறங்கிப் போனான்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் நல்ல மழை, கழிவுக் குவியல் ஊறிக் கிடந்தது. காலையில் போன கரண்ட் மூன்று மணி நேரம் கழித்து வந்தது. அதற்குள் உலை பாதி ஆறியிருந்தது. சூப்பர்வைசர் துளசிராமன் இரும்புத்தூணைக் கம்பியால் அடித்துக்கொண்டு கத்தினார். "போடுயா! மறுபடியும் கரண்ட் பூட்சின்னா உலை இறுகிப் பூடும்! இன்னாத்துக்குப் பாத்துக்கினுகிற? போடு!"

உருகிய இரும்பில் தண்ணீர் பட்டால் வெடிக்கும், ஈரக் கழிவை உலையில் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பாக்கியநாதன் கூவலுக்காகக் காத்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கூவல் வரவில்லை. கீழே கம்பி தூணில் இடித்துக்கொண்டே இருந்தது.

அவன் போட்டுவிட்டான்.

உலை வெடித்தது. கூண்டின் கண்ணாடி முழுக்க வெள்ளையாகி, பிறகு சிவந்து, பிறகு கறுத்தது. அவன் இறங்கி வருவதற்குள் லகனைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள்.

மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். லகன் மாஜி பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அவன் பத்து நாளைக்கு முன்பே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றார். "மேலேந்து போட்டது யாரு? நீதானே? சிக்னல் வந்துச்சா? உள்ள போறியா, கையெழுத்துப் போடறியா?" என்று கேட்டு ஒரு காகிதத்தை நகர்த்தினார். பாக்கியநாதன் கையெழுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. அவன் அம்மா ஆரோக்கியமேரி அத்திப்பட்டிலிருந்து மீன்குழம்போடு வந்து பார்த்துப் பதறிப்போனாள். "இன்னாடா ஆச்சு உனுக்கு? மூஞ்சி சாம்பல் பூத்துக்கீது. எதுனா பேசேன்டா." அவள் போன பிறகு கிட்டாரை எடுத்தான், வாசிப்பதற்காக அல்ல, கையை எங்காவது வைக்க வேண்டுமே என்று. விரல் தானாகவே அடியிலிருந்து ஒரு நீண்ட சுரத்தை எடுத்தது. பிறகு மேலே தாவியது. திரும்பத் திரும்ப அதையே வாசித்தான். கூவல், அப்புறம் நாலு எண்ணிக்கைக்கு ஒன்றுமே இல்லை, அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் இடிந்து விழுகிறது. அதுதான் பாட்டு. அதன் பின்னாலேயே, அடைத்திருந்த கால்வாய் உடைத்துக்கொண்டதுபோல, பத்தே நாளில் இன்னும் மூன்று வந்தன.

குடோனில் முதல்முறை வாசித்துக் காட்டியபோது மணவாளன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். "டேய், மயிர் கூச்செறியுதுடா! எங்கேந்து புட்ச்ச இத?"

"சும்மா வந்துச்சு" என்றான் பாக்கியநாதன்.

ஷாகிர் அதைத் தன் செல்போனில் பதிந்து அரசப்பனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்றைக்கே அவர் போன் செய்தார்: "இதாண்டா நான் கேட்டது. சிடியில இதான் மொதல் பாட்டு."

அக்டோபர் முதல் ஞாயிறு. பாட்டின் நடுவில், பாக்கியநாதன் கூவி முடித்த பின் வருகிற அந்த நாலு எண்ணிக்கை மௌனத்தில், குடோன் வாசலிலிருந்து யாரோ பதிலுக்குக் கூவினார்கள். அதே 'ஹோ', அதே 'ஓய்'. பாக்கியநாதன் கிட்டாரை இறக்கினான். வாசலில் தோள்பையோடு ஒல்லியான ஒரு மனிதன் நின்றிருந்தான். முகம் மலர்ந்து, கண் நிறைந்து, குடோனுக்குள் யாரையோ தேடிக்கொண்டிருந்தான்.

ஷாகிர் மும்பையில் மாமா கடையில் இரண்டு வருடம் இருந்தவன், இந்தி தெரியும். பேசிவிட்டுத் திரும்பினான். "இவுரு பேரு புதன் மாஜி. தம்பியத் தேடிக்கினு வந்துகிறாராம். நீ பாடினது அவுங்க ஊரு கூவலாம். காட்டுல மாடு மேய்க்கிறப்போ ஒருத்தர ஒருத்தர் கூப்புடறதாம். தம்பிதான் உள்ள இருக்கான்னு நெனைச்சு வந்தாராம். உனுக்கு யாரு கத்துக்குடுத்தாங்கன்னு கேக்கறாரு."

புதன் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான். பாக்கியநாதன் அதைக் கையில் வாங்கவில்லை.

"தெரியும். என்கூட வேலை செஞ்சாரு. வேலய உட்டுட்டு ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லு."

ஷாகிர் சொன்னான். தம்பியைத் தெரியும் என்று சொன்ன முதல் ஆள் இவன்தான் போலிருக்கிறது. புதன் பாக்கியநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "ஊருக்கு வரலையாம்" என்றான் ஷாகிர். "வழியில எங்கனா எறங்கியிருப்பான், தேடிப் பாக்கறேன்றாரு."

அடுத்த நாளிலிருந்து புதன் புதுவாயல் கூட்டுரோட்டில் நின்றான். ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரிடமும் போட்டோவைக் காட்டினான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். பாக்கியநாதன் நாலு நாள் பின்பக்கமாக இறங்கி வேலைக்குப் போனான். ஐந்தாம் நாள் கொட்டுகிற மழை. பின்சந்தில் முழங்கால் தண்ணீர். முன்பக்கமாக இறங்கினான். டயர் கடைத் தார்ப்பாயின் கீழே புதன் ஒடுங்கி நின்றிருந்தான். இவனைப் பார்த்ததும் சிரித்து, இவன் நனையக்கூடாதென்று தான் மழைக்குள் நகர்ந்து, உள்ளே இடம் விட்டான்.

பாக்கியநாதன் அங்கேயே படியில் உட்கார்ந்து ஷாகிருக்குப் போன் செய்தான்.

ஷாகிர் வந்து சேர்ந்ததும், மூன்று பேரும் அந்த மழையில் நிற்க, பாக்கியநாதன் சொல்லச் சொல்ல ஷாகிர் இந்தியில் சொன்னான். ஓரிடத்தில் நிறுத்திவிட்டான். "கூவல் வர்றதுக்கு மின்னாடியே போட்டேன்றியா? இத நான் என் வாயால இவருகிட்ட சொல்லணுமா?"

"சொல்லு."

சொன்னான். புதன் போட்டோவைச் சட்டைப்பைக்குள் வைத்தான். அடிக்கவில்லை, கத்தவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது பாக்கியநாதனுக்கு. புதன் ஒன்று கேட்டான், ஷாகிர் தலையைக் குனிந்துகொண்டே அதைத் தமிழில் சொன்னான்: "அன்னைக்கு அவன் கூவவே இல்ல. அப்புறம் எப்படி அத வெச்சுப் பாடற? அது பதில் வரும்னு நம்பிக் கூப்புடறது. இனிமே பாடாதன்றாரு."

"பாட மாட்டேன்னு சொல்லு" என்றான் பாக்கியநாதன்.

மறுநாள் காலை மூவருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பாக்கியநாதன் நடந்ததை எழுதிக் கொடுத்தான், தான் காத்திருக்காமல் போட்டதையும் சேர்த்து. மேனேஜர் மேலும் துளசிராமன் மேலும் வழக்கு வந்தது. இவன் மேலும் வந்தது. வேலை அன்றைக்கே போயிற்று. ஒன்பது நாள் சிறையில் இருந்தான். ஷாகிரின் வாப்பா சலாஹுதீனும் ஆரோக்கியமேரியும் ஜாமீன் நின்று வெளியே கொண்டுவந்தார்கள். லகனை அநாதைப் பிணமென்று எரித்திருந்தார்கள். சுடுகாட்டில் ஓர் ஓரத்தைக் காட்டி இங்கேதான் என்றார்கள். புதன் அங்கே கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு ஊருக்கு ரயிலேறினான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கூவல் பாட்டைப் பதிய மாட்டேன் என்று பாக்கியநாதன் சொன்னதும் மணவாளனுக்கு முகம் சிவந்துபோயிற்று.

"நீ செஞ்ச தப்புக்கு எங்க பாட்ட ஏண்டா சாகடிக்கற? வேலையும் போச்சு, கேஸும் ஆச்சு. மிச்சம்னு இருக்கறது இது ஒண்ணுதான்டா!"

"அது நம்ம பாட்டு இல்ல மணவாளா."

"அத நாலு வாரத்துக்கு மின்னாடி சொல்லியிருக்கணும்."

அது நியாயம்தான். அரசப்பன் கெஞ்சிப் பார்த்தார், கடிந்து பார்த்தார். மூன்று பாட்டுகளை மட்டும் பதிந்தார்கள். மணவாளன் தன் பங்கை அடித்து முடித்துவிட்டு, இருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். பிறகு குழுவுக்கு வரவே இல்லை.

பொங்கலுக்குப் பிறகு சிடி வந்தது. ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பிலிருந்து ஒரு பெண் பேசினார், நந்தினி என்று பெயர். புது இசைக்கு யார் யார் பாதிப்பு என்று கேட்டார். ஷாகிர் வழக்கமாகச் சொல்கிற வெளிநாட்டுக் குழுக்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு பாக்கியநாதனைப் பார்த்தான்.

"லகன் மாஜி" என்றான் பாக்கியநாதன். "என்கூட வேலை செஞ்சவரு. இந்த மூணு பாட்டும் அவர் செத்துப்போனதால வந்தது."

நந்தினி எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். அச்சில் வந்தபோது வெளிநாட்டுப் பெயர்கள் எல்லாம் இருந்தன, அந்த ஒரு பெயர் இல்லை. இடம் போதாமல் வெட்டியிருப்பார்கள் என்றான் ஷாகிர்.

பாக்கியநாதன் ஊத்துக்கோட்டை சந்தையில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனான். அதற்குப் பிறகு அவனுக்குப் பாட்டு எதுவும் வரவில்லை. வந்துவிடுமோ என்று பயந்து கிட்டாரைத் தொடுவதையே விட்டான். வாய்தா நாட்களில் பொன்னேரி கோர்ட்டுக்குப் பஸ் ஏறுவான். முதல் இரண்டு வாய்தாவுக்குப் புதன் சாட்சி சொல்ல அவ்வளவு தூரத்திலிருந்து வந்தான். இரண்டாவது தடவை ஷாகிர் கூட வரமுடியவில்லை. கோர்ட் வளாகத்துச் சுவரோரம் பாஷையில்லாமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புதன் பையைத் திறந்து ஊரிலிருந்து கொண்டுவந்த அவலில் ஒரு கைப்பிடி எடுத்து அவன் கையில் வைத்தான். பாக்கியநாதன் அதை மெல்ல முடியாமல் வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தான்.

மூன்றாவது வாய்தாவுக்குப் புதன் வரவில்லை. ஷாகிர் இந்தியில் எழுதிப் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஒவ்வொரு தடவையும் பாக்கியநாதன் காலையிலேயே போய் கோர்ட் வாசலில் நிற்பான்; பெயர் கூப்பிடும்வரை, ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். 2009 டிசம்பரில் ஏழாவது வாய்தா. சாட்சி ஆஜராகவில்லை என்று மறுபடியும் தள்ளிவைத்தார்கள்.