பைக்காரி கடல் தாண்டினாள்

எமெரித்தாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். நெகோக்லி படகுத்துறையில் என் கடைக்கு அடுத்த கடை அவளுடையது. கடை என்றால் ஒரு ஸ்டூல், ஒரு குடை, மடியில் ஒரு கட்டு கறுப்பு பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான். நான் முட்டை பொதிந்த சோள அடை பொரித்துக் காப்பியோடு விற்கிறேன். எனக்கு எண்ணெய் வேண்டும், அடுப்பு வேண்டும், மாவு வேண்டும். அவளுக்கு வாய் மட்டும் போதும்.

எதிர்க்கரையில் இருக்கிற கப்புர்கனாவுக்கு ரோடு கிடையாது. மலை ஒரு பக்கம், காடு ஒரு பக்கம். போகிறவன் படகில்தான் போக வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்க மேதெயின் நகரத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வருகிற முதுகுப்பைக்காரர்கள் விடிந்ததும் கலைந்த தலையோடு எங்கள் துறையில் வந்து இறங்குவார்கள். அவர்களைக் கண்டதும் எமெரித்தா ஸ்டூலை விட்டு எழுந்துவிடுவாள்.

“வாங்க வாங்க, பஸ்ஸுல தூங்கி வழிஞ்சு வந்த கண்ணுங்களா! தூக்கமெல்லாம் இந்தக் கரையோட சரி. அந்தப் பக்கம் ஒவ்வொரு அலையும் கோயில் மணிக்கூண்டு உசரம். போன வாரம் ஒருத்தன் மூட்டைய மீனு தின்னுடுச்சு, கம்ப்யூட்டரோட! பை வாங்குங்க, மூட்டைய உள்ள வச்சு இறுக்கிக் கட்டுங்க. அப்புறம் மாதா விட்ட வழி!”

காற்றுக் காலத்தில் நனையாமல் கடல் தாண்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவள் கதையில் அந்த அலை ஆரம்பத்தில் ஆள் உயரம்தான் இருந்தது. என் கண்ணெதிரேதான் அது தென்னை மர உயரத்துக்கு வளர்ந்தது. வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு வருஷம் மணிக்கூண்டாகிவிட்டது. கண், காது, மூக்கு வைத்துப் பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள இந்தக் கரையில் ஆள் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாள். இத்தனை வருஷத்தில் எமெரித்தா ஒருமுறைகூடப் படகில் கால் வைத்ததில்லை. வைப்பதாகவும் இல்லை. அதற்குப் பயம்தான் காரணம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். “வெளிய சொன்னே, உன் எண்ணெச் சட்டியிலயே உன்னப் பொரிச்சிடுவேன்” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கடலை விற்றுப் பிழைக்கிறவள் கடலுக்குப் பயப்படுகிறாள் என்று தெரிந்தால் இந்தத் துறையில் சும்மா விடுவார்களா?

அவளுக்கு ஒரே மகள், லெய்னிஸ். கப்புர்கனாவில் ஒரு விடுதியில் சமைக்கப் போனவள் அங்கேயே ஹார்லின் என்ற படகோட்டியைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பையன். படகைத் தொட்டில் மாதிரி ஓட்டுவான். பெண் கேட்டு அவன் வீட்டில் வைத்த விருந்துக்கு எமெரித்தா போகவில்லை. மூட்டு வலி என்றாள். வீடு பார்க்கக் கூப்பிட்டார்கள். பல்வலி என்றாள். அம்மாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று மகள் முடிவு கட்டிவிட்டாள். வேறென்ன நினைப்பாள், பாவம்?

கல்யாணத்துக்கு முந்தின நாள் லெய்னிஸ் ஃபோன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அம்மா, நாளைக்கு மத்தியானம் கல்யாணம். பாதிரியார் அடுத்த ஊருக்குப் போகணும், மூணு மணிக்கு மேல இருக்கமாட்டாரு. நீ வர்றியா, இல்லையா?”

“பாக்கலாம்டி, முழங்கால்...”

“முழங்கால விடு. ஹார்லின உனக்குப் பிடிக்கல, அதானே? நாளைக்கும் நீ வரலன்னா அதுதான் உன் பதில்னு எடுத்துக்கறேன். அப்புறம் நானும் அந்தக் கரைப் பக்கம் தலை வச்சுப் படுக்கமாட்டேன். சொல்லிட்டேன்.”

எமெரித்தா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். “உண்மையச் சொல்லித் தொலையேன், பெத்த மகதானே?” என்றேன். “அவ சிரிப்பா, ஒனெய்தா” என்றாள். மகள் அழுதாலும் பரவாயில்லை, சிரிக்கக் கூடாது. இந்த வீம்பை என்னவென்று சொல்ல! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஒரு சட்டி அடை கருகிப்போயிற்று.

மறுநாள் நான் கடை திறக்கவில்லை. நல்ல உடுப்பை மூட்டை கட்டிக்கொண்டு துறைக்கு வந்தால், எமெரித்தா வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து பை விற்கிறாள்! ஆனால் காலடியில் ஒரு மூட்டை. கல்யாணத்துக்கென்று அவள் தைத்து வைத்த நீலச் சட்டை அதற்குள் இருந்தது. ஏறப்போவதில்லை என்றால் அது எதற்கு? கேட்டேன். “சும்மா காத்தாடட்டும்னு எடுத்துட்டு வந்தேன்” என்றாள். மூட்டையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பை ஓரத்தில் கிழிந்திருந்தது. நல்ல பையெல்லாம் வியாபாரத்துக்கு.

ஹார்லின் படகோடு காத்திருந்தான். கல்யாண நாளிலும் காலைப் பயணத்தைத் தானே ஓட்டுகிறேன் என்று வந்திருந்தான். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. மாமியாரை நேரில் கூட்டிப்போக வந்திருக்கிறான். கேட்கத்தான் வாய் வரவில்லை. கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

முதுகுப்பைக்காரர்கள் வந்து ஏற ஆரம்பித்தார்கள். கடைசியாக வந்தவள் அர்ஜென்டினாக்காரப் பெண், ரொசியோ என்று பெயர். அவளை விடப் பெரிய பை முதுகில், கையில் ஃபிளாஸ்க். எமெரித்தா மணிக்கூண்டு அலையையும் மீனையும் எடுத்துவிட்டாள். பெண்ணின் முகம் வெளிறிப்போயிற்று. பை வாங்கினாள், மூட்டையை உள்ளே போட்டுக் கட்டினாள். அப்புறம் கேட்டாளே ஒரு கேள்வி! இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

“அம்மா, நீங்க போறப்ப எப்படிச் சமாளிப்பீங்க?”

எமெரித்தா மடியிலிருந்த பைக்கட்டைச் சரிசெய்தாள். “நானா? நான் எதுக்கும்மா போகணும்?”

“ஒரு தடவகூடப் போனதில்லையா?”

“இல்ல.”

ரொசியோ கடலைப் பார்த்தாள், எமெரித்தாவைப் பார்த்தாள், மூட்டையைத் தோளில் தூக்கினாள். “இந்த ஊர்ல பொறந்தவங்களே ஏறமாட்டாங்கன்னா நான் மட்டும் எதுக்கு ஏறணும்? திரும்பிப் போற பஸ் எங்க நிக்கும்?”

அவள் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிற பெண். படகில் இருந்தவர்கள் காதில் விழுந்துவிட்டது. ஒரு ஜோடி இறங்கியது. தாடிக்காரன் ஒருவன் இறங்கினான். “என்னவாம், என்னவாம்?” என்று கேட்டபடியே அடுத்த வரிசையும் எழுந்தது. நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு படகே கெட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்தது ஒரு கோழிக்கூடையும், அதன் சொந்தக்காரரான காது கேளாத பெரியவரும்தான்.

ஹார்லின் துறைக்குத் தாவி வந்தான். ஆள் இல்லாமல் படகை எடுக்க முதலாளி விடமாட்டான். படகு போகாவிட்டால் மாப்பிள்ளையும் போக முடியாது. அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. எமெரித்தாவுக்கு எதிரே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அத்தை, என்னப் பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. கேட்டுக்கறேன். அதுக்காக ஆளுங்களையெல்லாம் இறக்கிவிட்டு, கல்யாணத்தையே நிறுத்தணுமா? அங்க அவ காத்துட்டு இருப்பா.”

சத்தியமாவது, சட்டியாவது, நானே சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எமெரித்தா எழுந்துவிட்டாள். முகம் கோணிக்கொண்டு போயிற்று. விற்காத பைக்கட்டை ஸ்டூலில் வைத்தாள், காலடி மூட்டையை எடுத்தாள்.

“மிதவைச் சட்டை பெரிய சைஸ் இருக்காடா?” என்றாள்.

இருந்தது. நான் பின்னாலிருந்து தள்ள, ஹார்லின் முன்னாலிருந்து இழுக்க, உள்ளே போய் விழுந்தாள். விழுந்தவள் நிமிர்ந்து கரையைப் பார்த்து, “என்ன வேடிக்க? நானே ஏறிட்டேன், உங்களுக்கென்ன கேடு? ஏறுங்க!” என்று ஒரு சத்தம் போட்டாள். தாடிக்காரன் முதலில் ஏறினான். ரொசியோ கடைசியாக வந்து அவளுக்கும் எனக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். யார் யாருக்குத் தைரியம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வளைகுடாவுக்குள் கடல் சும்மாதான் கிடந்தது. எமெரித்தா கண்ணைத் திறக்கவே இல்லை. கார்மேன் மாதாவிடம் என்னென்னவோ நேர்ந்துகொண்டாள். இனிமேல் மீன் கதை சொல்லமாட்டேன் என்றுகூட ஒரு நேர்த்திக்கடன். மாதாவே நம்பியிருக்கமாட்டாள்.

“அம்மா, கண்ணத் தொறந்து பாருங்களேன், அழகா இருக்கு” என்றாள் ரொசியோ.

“நீ பாரு தாயீ, எனக்கும் சேர்த்து.”

முனையைத் தாண்டியதும் காற்று அடித்தது. படகின் மூக்கு மேலே தூக்கியது, கீழே இறங்கியது, அப்புறம் வலப்பக்கமிருந்து ஓர் அலை எழுந்து எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது. அப்போது எமெரித்தா வாயிலிருந்து வந்த வார்த்தைகளை எழுத முடியாது. படகில் இருந்தவர்களெல்லாம் காதைப் பொத்தினார்கள். வாய் நிறைய உப்புத் தண்ணீரை முழுங்கிவிட்டு இருமினாள், முகத்தைத் துடைத்தாள், கண்ணைத் திறந்தாள்.

“வந்துடுச்சா?” என்று கேட்டாள்.

“வந்துட்டுப் போயிடுச்சு” என்றேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். இன்னும் நாலஞ்சு வரும், இதே மாதிரி.”

“இந்தக் கழுதைக்கா...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை, எல்லோர் முகமும்தான் ஈரமாக இருந்தது. “விருந்துக்குப் போயிருக்கலாமே, ஒனெய்தா. அவ வீட்டப் பாத்திருக்கலாமே” என்றாள். எனக்கோ, ஒளிப்பானேன், ஒரு மூட்டை இறக்கி வைத்த மாதிரி அப்பாடா என்று இருந்தது. அவள் ரகசியத்தைச் சுமந்து சுமந்து எனக்குத்தான் முதுகு வலித்தது.

கப்புர்கனா துறையில் இறங்கி மூட்டையைப் பிரித்தாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் காடிப்பானையில் துள்ளி. கிழிந்த ஓரம் வழியாகக் கடல் உள்ளே புகுந்து, நீலச் சட்டை பிழிந்து போட்ட துணியாகக் கிடந்தது. ரொசியோவின் மூட்டையைப் பிரித்தால் ஒரு பொட்டு ஈரம் இல்லை. “நான் வித்த பைடி அது!” என்று அந்த நிலைமையிலும் எமெரித்தாவுக்குப் பெருமை.

தாய்லாந்து போனபோது வாங்கியதாம், யானைப் படம் போட்ட தொளதொளக் கால்சட்டை ஒன்றை ரொசியோ எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணிடம் இருந்ததிலேயே எமெரித்தாவுக்குப் போதிய அகலம் உள்ளது அது ஒன்றுதான். மேலே தாடிக்காரனின் சட்டை. துறைக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

எதிரே லெய்னிஸ் நின்றிருந்தாள். தலை முழுக்க முடி சுருட்டுகிற சுருள் உருளை, மேலே வெள்ளைக் கல்யாணச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. படகுச் சத்தம் கேட்டதும் அப்படியே ஓடி வந்திருக்கிறாள். அம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். யானைகளையும் பார்த்தாள்.

“வந்துட்டியா” என்றாள்.

“வந்துட்டேன். இவனப் பிடிக்காமத்தான் வரலன்னு நெனச்சியா? தங்கமான பையன்டி. எனக்குக் கடல்னா பயம்டி, லெய்னிஸ். செத்துப்போற பயம். அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

லெய்னிஸ் வாயைப் பிளந்தாள். “உனக்கா? கடலுக்கா? காலம் பூரா ஊருக்குப் பை வித்தியே!”

எமெரித்தா பயந்தது சரிதான், மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சுருள் உருளை ஒன்று தெறித்துக் கடலில் விழுந்தது. ஹார்லின் அதை எடுக்கிற சாக்கில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். கல்யாணம் நேரத்துக்கு நடந்தது. பாதிரியார் யானைகளைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. தேங்காய்ச் சோறும் பொரித்த மீனும் ரொசியோ மூன்று தட்டு தின்றாள்.

திரும்பி வந்து எமெரித்தா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாதம் ஒருமுறை கடல் தாண்டி மகள் வீட்டுக்குப் போகிறாள், அதுவும் நல்ல பையில் கட்டிக்கொண்டு. மாதாவுக்குச் சொன்னபடி மீன் கதையை விட்டுவிட்டாள், மணிக்கூண்டையும் இடித்துவிட்டாள். வியாபாரம் படுத்துவிடும் என்று நான் பயந்தேன். படுக்கவில்லை. இன்று காலையும் ஒரு சின்னப் பெண் வெளிறிப்போய், அலை பெரிதாக இருக்குமா என்று கேட்டாள். எமெரித்தா அவள் மூட்டையைத் தன் கையாலேயே பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

“நனைவே கண்ணு. சாகமாட்டே. நான் போயிட்டு வந்துதான் சொல்றேன்.”