தானாக வரும் மறுபாதி

எங்களுக்கு ஓவிய வகுப்பு அமாவாசைக்கு அமாவாசைதான் நடக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறி ஓய்கிற நாள் அது ஒன்றுதான். பட்டணத்துக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, ஏழைப் பிள்ளைகளுக்குச் சும்மாவே படம் வரையச் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டு, முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பஜனைக் கோயிலில் தன்னந்தனியாக உட்கார்ந்துவிட்டுப் போனாள். நாங்களெல்லாம் தறியில் இருந்தோம். யாரோ விவரம் சொல்ல, அடுத்த முறை பஞ்சாங்கம் பார்த்து வந்தாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அப்பா நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். அதை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. இடது கரைக்கும் உடலுக்கும், குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை அப்பா போடுவார். வலது கரைக்கு, அவர் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, நான். கோர்வையில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை என்று தெருவே சொல்லும். அந்தப் பேரில் பாதி என்னுடையது என்பது என் கணக்கு.

அக்கா ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தாள்.

"கட்டம் எங்கக்கா?" என்றேன். எங்கள் வீடுகளில் நாங்கள் பார்த்த படமெல்லாம் சேலைக்காகக் கட்டம் போட்ட தாளில் வரைந்ததுதான்.

"கட்டமே வேணாம். உங்க வீட்ல ஒருத்தரை வரைங்க."

நான் தாளின் பாதியில் அப்பாவை வரைந்து, வண்ணத்தைக் குழைத்துப் பூசி நீட்டினேன். ஒரு கண், ஒரு காது, அரை மீசை, நாடாவோடு ஒரு கை.

"மீதி அப்பா எங்கே?"

"அது தானா வரும்க்கா."

கட்டத்தாளில் பாதி மயிலைத்தான் வரைவார்கள். கயிறு கட்டியிருக்கிற விதத்தில் மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டுக்கொள்ளும். முழுசாக வரைவது தாளுக்குக் கேடு. எனக்குத் தெரிந்த ஓவியம் அவ்வளவுதான்.

"பாதி அப்பன்டோய்!" என்று பக்கத்து வீட்டுப் பையன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. வண்ணம் காய்வதற்குள் தாளை நடுவில் மடித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிரித்தாள். அப்பா முழுசாக இருந்தார்!

"சொன்னேன்ல, தானா வரும்னு!" என்று அந்தப் பையனுக்குப் பழிப்புக் காட்டினேன்.

வகுப்பு முடிந்ததும் அக்கா என்னோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா அவசரமாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இவளைப் பள்ளிக்கூடத்துல சேக்கலாமே" என்றாள் அக்கா.

"சேத்துட்டு? வலது கரையை யாரும்மா போடறது? ஏகாம்பரநாதர் வந்து குந்துவாரா?"

அந்தப் பேச்சில் எனக்கு ருசியில்லை. நடுவில் புகுந்து படத்தை நீட்டினேன்.

அப்பா அதை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல நீ எங்கமா இருக்கிறே?"

நான் அதை யோசிக்கவே இல்லை. தாளை மடித்தபோது என் இடத்தில் அப்பாவின் இன்னொரு கை வந்து உட்கார்ந்துவிட்டது.

"நான் இல்லப்பா. ரெண்டு கரையும் நீயே போட்டுக்கினு இருக்கிறே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்பா நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி, தறிக்கு எதிர்ச் சுவரில் படத்தை ஒட்டினார்.

தறியிலிருந்த அந்தப் பாவு நூல் நெய்து முடிந்து அடுத்த பாவு ஏறியது. அது கோர்வை இல்லை. உடலும் கரையும் ஒரே நிறம். ஒற்றை ஆளே நெய்துவிடலாம். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடம் போனேன்.

"உன் கைக்கு இதுவா நெய்யறது, அண்ணே?" என்று சித்தப்பா கேட்டார்.

"கோர்வை சலிச்சுப்போச்சுபா" என்றார் அப்பா.

பெரியவர்களுக்கும் வேலை அலுக்கும்போல என்று நினைத்துக்கொண்டு, சிலேட்டுப் பலகையும் பையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமைகளில் அப்பா என்னைக் காமாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். கோர்வைச் சேலை கட்டிய பெண் யாராவது எதிரே வந்தால் நின்றுவிடுவார். கரை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்ப்பார்.

"வாப்பா, சுண்டல் தீந்துடும்" என்று நான் அவர் கையைப் பிடித்து இழுப்பேன்.