பாவத்துக்குத் தந்த பட்டி

கராத்தே வகுப்பில் பட்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் வரிசை. கறுப்பு மேலே. அதற்குக் கீழே மண்ணிறம். நான் மண்ணிறம் கட்டி ஏழு வருடம். இரண்டு தரம் கறுப்புக்குப் போய்த் தோற்றேன். பின்னால் வந்தவர்கள் எனக்கு மேலே போய் நின்றார்கள்.

அதில் ஒருவன் என்னோடு சந்தையில் வேலை செய்பவன். முதல் நாள் பட்டி கட்டத் தெரியாமல் நின்றபோது நான்தான் கட்டிவிட்டேன். கறுப்பு வாங்கிய பிறகு, "அண்ணை, உதிலை நில்லாதேங்கோ, தள்ளுங்கோ" என்றான். மற்றவர்களுக்குக் கேட்கும்படி, "அண்ணை உந்த மண்ணிறத்தோடைதான் பென்சன் எடுக்கப்போறார்" என்றான். தள்ளி நின்றேன்.

எனக்குக் கொடிகாமம் சந்தையில் மூட்டை தூக்குகிற வேலை. சாக்கின் மூலையைப் பிடித்துப் பிடித்து வலக்கையில் மூன்று விரல் வளைந்தபடி நின்றுவிட்டது. குத்துவதற்கு அது பிழையில்லை. ஆனால் பரீட்சையில் கட்டா என்று ஒன்று, எதிராளி இல்லாமல் தனியே செய்து காட்டுவது. அதில் விரல்கள் கத்தி மாதிரி நேராக நிற்கவேண்டும். இரண்டு தரமும் அதில்தான் விழுந்தேன். பலகை வைத்து இறுக்கிக் கட்டிப் பார்த்தேன். வீங்கியதுதான் மிச்சம்.

மூன்றாம் தரம், பரீட்சைக்கு முந்திய கிழமை, மாஸ்ரர் கூப்பிட்டார்.

"கை ஏலாதெண்டு டொக்டரிட்டை ஒரு கடிதம் எடுங்கோ. பார்த்துப் புள்ளி போடுவினம்."

"கை ஏலாதெண்டால் இண்டைக்குக் காலமை ஆர் மூட்டை தூக்கினது?"

"உந்தக் கதை வேண்டாம். பட்டி வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும். கடிதம் தரமாட்டன்."

பரீட்சையில் புள்ளி போடக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். சண்டையில் என்னோடு இரண்டு கறுப்புப் பட்டிகளை விட்டார்கள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னவனும் ஒருவன். என் குத்து வாங்கி மூக்கைப் பொத்திக்கொண்டு போய் இருந்தான். பிறகு கட்டா. விரல் நேராகவில்லை. வந்தவர் கிட்ட வந்து கையைப் பார்த்தார்.

பின்னேரம் பாஸானவர்களின் பெயர்களை வாசித்தார்கள். என் பெயரும் இருந்தது. கறுப்பைக் கையில் தந்தார்கள்.

மாஸ்ரரிடம் போனேன். "விரல் நேராகேல்லை, பிறகு என்னெண்டு பாஸ் விட்டவை?"

"நான்தான் சொன்னனான். ஏலாத ஆள், பாவம் எண்டு. இப்ப சந்தோசமோ?"

பின்னால் நின்று அவன் சிரித்தான்.

பட்டியை மடித்து மேசையில் வைத்தேன். "விரல் பிழையெண்டால் பெயில் போடச் சொல்லுங்கோ. பாவத்துக்குத் தந்தது எனக்கு வேண்டாம்."

"உமக்கு மண்டைப் பிழை."

"ஓம்."

அடுத்த ஞாயிறு மண்ணிறத்தைக் கட்டிக்கொண்டு கீழ் வரிசையில் நின்றேன். மாஸ்ரர் என்னோடு இன்றைக்கும் கதைப்பதில்லை. பார்ப்பதுமில்லை. வரப்போகிற பரீட்சைக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். கடிதம் இல்லை.

சண்டைக்குச் சோடி பிரிக்கும்போது கறுப்புப் பட்டிகள் ஒருவரும் என் முன்னால் வருவதில்லை. போன கிழமை அவனை நானே கூப்பிட்டேன்.

"அண்ணை, முழங்கால் நோகுது" என்றான்.

"அப்ப தள்ளி நில்" என்றேன்.