காற்றைப் பூட்டவும்

1. ஆணித் துவக்கு

துறைமுகத்துக்குப் போகும் மரப்பெட்டிகள் செய்யும் பட்டறை ஒன்றில், கொட்டாஞ்சேனையில், பதினாறு வருடம் வேலை பார்த்தேன். எனக்குத் தச்சு வேலை தெரியாது. ஆங்கிலம் தெரியும். அதனால் கணக்கெழுத வந்த என்னையே முதலாளி ஹாஜியார் சுப்பர்வைசராகவும் ஆக்கினார். காலையில் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்து, அன்றைக்கு எத்தனை பெட்டி போக வேண்டும் என்று வாசலடி மேசையில் இருந்து எழுதிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் காற்றில் வேலை செய்யும் நெயில் கன் ஒன்று வந்தது. பட்டறையில் அதற்கு உடனே ஆணித் துவக்கு என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் செபஸ்தியான். முகத்துவாரத்துக்காரர், என் வயதுதான். மூன்று அடியில் ஒரு ஆணியை இறக்கும் கை அவருடையது.

“சேர், இது ஆணிய அடிக்குமா, ஆள அடிக்குமா?” என்று கேட்டார்.

“சரியாப் பிடிச்சால் ஆணியை அடிக்கும்” என்றேன்.

“அப்ப பிழையாப் புடிக்கிறது எப்பிடின்னு மொதல்ல சொல்லித்தாங்க. அதத்தானே நாங்க செய்யப்போறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆங்கிலக் கையேட்டை வாசித்து வாசித்துக் காட்டிக்கொடுத்தேன். காலையில், காற்றை நிரப்பி வைக்கும் கொம்பிரசர் தாங்கியின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். பிரஷரைக் கையேடு சொன்ன அளவுக்கு மேல் ஏற்றக்கூடாது. துவக்குக்குக் காற்று கொண்டுவரும் ரப்பர் குழாயான ஓஸ் மாட்டும் வாயில் இரண்டு துளி எண்ணெய். மூக்கு மரத்தில் அழுந்தினால்தான் துவக்கு வெடிக்கும். ஆகவே மூக்குக்கு முன்னால் கை வரக்கூடாது. அடிக்காத நேரத்தில் விசையில் விரல் இருக்கக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி.

ஒரு கிழமைக்குள் செபஸ்தியான் என்னைவிட நன்றாகத் தெரிந்துகொண்டார்.

2. பலகை

ஹாஜியார் சொன்னபடி, கையேட்டைச் சுருக்கித் தமிழில் ஒரு பலகை எழுதினேன். ஆணி சிக்கினால் என்ன செய்வது என்ற இடத்தில், ஓஸைத் துவக்கிலிருந்து கழற்றும்படி கையேடு சொன்னது. எனக்கு அது வீண் மினக்கேடாகத் தோன்றியது. வேலை மேசைக்குப் பக்கத்துச் சுவரிலேயே காற்றுக் குழாயின் வால்வு இருக்கிறதே, அதை அடைத்தால் போதுமே என்று நினைத்தேன். ஓஸுக்குள் மிச்சக் காற்று நிற்கும் என்பதை யோசிக்கவில்லை. “ஆணி சிக்கினால் முதலில் காற்றைப் பூட்டவும்” என்று அழகான எழுத்தில் எழுதினேன்.

எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாயைப் பூட்டுவோம். கேற்றைப் பூட்டுவோம். அதே வீட்டில் மேலே ஃபேனும் பூட்டுவோம், சைக்கிளுக்குப் புது ரயரும் பூட்டுவோம். அடைப்பதற்கும் பொருத்துவதற்கும் ஒரே சொல். பிறந்ததிலிருந்து பேசிய சொல் இப்படி இரண்டு பக்கமும் திரும்பும் என்பது, தூரிகையைப் பிடித்திருந்த எனக்குத் தோன்றவேயில்லை.

3. அன்றைக்கு

பின்னேரம் லொறி வரவிருந்த ஒரு நாள், காலை பத்து மணியளவில் துவக்கில் ஆணி சிக்கியது. நான் வாசல் மேசையில். செபஸ்தியான் அந்தக் கோடியில். நடுவில் கொம்பிரசர் இரைந்துகொண்டிருந்தது.

“சேர், ஆணி எறுகிட்டு!”

“காத்தைப் பூட்டினீரோ?”

“இல்ல சேர்...” என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். இரைச்சலில் அது என் காதில் விழவில்லை. விழவில்லை என்றுதான் நினைக்கிறேன். சில நாள் விழுந்ததுபோலவும் இருக்கிறது.

“போர்டிலை போட்டிருக்கெல்லோ! முதல்ல பூட்டும், பிறகு கை வையும்!”

அவர் என்னையே பார்த்தார். இடக்கையில் ஓஸின் நுனி இருந்தது. அதை நான் கண்டேன். பலகையையும் ஒருதரம் பார்த்தார். “படிச்ச மனுசன் சொல்லுறாரு” என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுக் குனிந்தாராம், பிறகு சிக்கிய ஆணியை எடுக்கத் துவக்கின் மூக்கில் கை வைத்தாராம். பிறகு ஒரு வெடி, அதன் பின் ஒரு கூச்சல். இடது உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே, ஆணி தலைவரை இறங்கியிருந்தது.

4. ஹாஜியாரின் அறை

இரண்டு கிழமைக்குப் பிறகு, கைக்கட்டோடு வந்த செபஸ்தியானையும் என்னையும் ஹாஜியார் கூப்பிட்டார். செபஸ்தியானின் கவனயீனம் என்றால் அவர் வேலையை விட்டுப் போகவேண்டும். நான் சொல்லிக்கொடுத்தது பிழை என்றால் போகவேண்டியவன் நான். ஹாஜியார் இதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

“என்ன நடந்த? செல்லுங்க.”

“சேர் பூட்டச் சொன்னாரு, பூட்டினேன்” என்றார் செபஸ்தியான்.

“காத்தப் பூட்டின எண்டா ஆணி எப்பிடிப் பாயிற? பொய் செல்ல வாணாம்.”

“மாதா மேல சத்தியமா ஹாஜியார், இந்தக் கையாலதான் பூட்டினேன்.”

“பூட்டினா வெடிக்காதே மனிசா!”

“பூட்டினதாலதானே வெடிச்சிச்சு!”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விளங்காமல் பார்த்தார்கள். நானும் விளங்காமல்தான் நின்றேன். பிறகு, அவர் கையில் கண்ட ஓஸ் நுனி நினைவுக்கு வந்தது. அவர் ஏற்கெனவே கழற்றியிருந்தார். நான்தான் திரும்பப் பொருத்த வைத்திருக்கிறேன்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். “தம்பி, போர்ட்ல என்ன போட்டீக்கி?”

“காற்றைப் பூட்டச் சொல்லிப் போட்டிருக்கு” என்றேன். அது உண்மை.

“அப்ப இவர் அதச் செய்யல்ல.”

நான் வாய் திறக்கவில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பிற்பாடு எத்தனையோ காரணம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஒன்றும் நினைவில் இருக்கவில்லை. செபஸ்தியான் என் முகத்தைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் நல்லது. தான்தான் எதையோ பிழையாகச் செய்துவிட்டேனோ என்று கேட்பதுபோலப் பார்த்தார்.

5. கழற்றவும்

இதை வாசிக்கும் இளையவர்கள் துவக்கு பிடிப்பவர்களாக இருந்தால்: ஆணி சிக்கினால் வால்வை நம்பாதீர்கள், இன்னொருவரின் வாயையும் நம்பாதீர்கள். ஓஸைத் துவக்கிலிருந்து உங்கள் கையாலேயே கழற்றுங்கள். உஸ் என்ற சத்தம் கேட்ட பிறகு கையை வையுங்கள். அறிவுறுத்தல் எழுதுபவர்களாக இருந்தால், எழுதியதை வேலை செய்பவரிடம் கொடுத்து, என்ன செய்வீர்கள் என்று செய்துகாட்டச் சொல்லுங்கள்.

அந்த அறையிலிருந்து வந்த மறுநாள் காலை, மற்றவர்கள் வருமுன், பலகையில் அந்தச் சொல்லைச் சுரண்டிவிட்டுப் புதுச் சொல் எழுதினேன். எழுதி முடிக்கும்போது, வேலை போன செபஸ்தியான் தன் சுத்தியலை எடுத்துப்போக வந்து நின்றார். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“ஓஸைக் கழற்றவும்.” இன்னொருதரம் வாசித்தார். “நான் அதத்தானே சேர் மொதல்ல செஞ்சேன்?”

புது எழுத்தைத் தொட்டுப் பார்க்க, கட்டுப் போடாத கையை நீட்டினார்.

“பெயின்ற் காயேல்லை” என்றேன். “கை வைக்காதேயும்.”