வாசற்படி இல்லாத பள்ளிக்கூடம்

இலங்கை மலையகத்தில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் வரலாற்றைத் தச்சர் பொன்னையாவிடம் கேட்டால், தன் முட்டாள்தனத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். அவர் செய்த நாற்காலிகள் ஆடும். மேசைகள் அதைவிட ஆடும். "என் சாமான்ல உட்கார்றவங்களுக்குச் சாமி நம்பிக்கை தானா வரும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் தலைவாசல் செய்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு மட்டும் கொஞ்சம் அதிகம்.

கொழுந்து நிறுக்கும் பழைய மடுவக் கொட்டகையைப் பள்ளிக்கூடத்துக்குத் தரத் தோட்ட நிர்வாகம் சம்மதித்ததும், பள்ளிக்கூடம் தொடங்க முன்னின்ற சிவரூபி டீச்சர் அவரிடம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "அண்ணை, நல்ல வாசலொண்டு செய்து தாங்கோ" என்று சொல்லிவிட்டு, மற்ற சாமான்கள் வாங்கப் பதுளைக்குப் போய்விட்டார். விடுவாரா பொன்னையா? பலா மரத்தில் நிலை வைத்தார். லட்சுமி தங்க வேண்டுமே என்று அரையடி உயரத்துக்கு வாசற்படி போட்டு, மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்தார்.

திறப்பு நாளில் முதலில் வந்தவள் மதுஷா. பதினொரு வயதாகியும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைத் தாண்டாத பிள்ளை. டீச்சர் கொடுத்த சக்கர நாற்காலியை ஒரு வாரமாக உருட்டிப் பழகியிருந்தாள். அவள் அம்மா கமலவேணி கறாராகச் சொல்லிவிட்டாள்: "அவளா உள்ள போய் வந்தா விட்டுட்டு வேலைக்குப் போறேன் டீச்சர். நான் வந்து வந்து தூக்க முடியாதுங்க. இல்லாட்டி லயத்துலயே இருக்கட்டும்."

நாற்காலி வாசற்படியில் முட்டி நின்றது. மறுபடி உருட்டினாள், மறுபடி முட்டியது. கூடியிருந்தவர்கள் படியைப் பார்த்தார்கள். பிறகு பொன்னையாவைப் பார்த்தார்கள். அவருக்கு உயிரே போய்விட்டது. லட்சுமிக்கு இடம் போட்ட மகா கெட்டிக்காரர், பிள்ளை எப்படி உள்ளே வரும் என்று யோசிக்கவே இல்லை. கமலவேணி நாற்காலியை லயத்துப் பக்கம் திருப்பினாள்.

"கொஞ்சம் இரு தங்கச்சி!" பொன்னையா ரம்பத்தோடு ஓடிவந்தார்.

கோயில் பூசாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மஞ்ச வச்ச படிய அறுக்காதய்யா, குடும்பத்துக்கு ஆகாது!"

"விடுங்க சாமி. எனக்கு இருக்கிற மூளைக்கு இனி என்ன கெடப் போவுது?"

அறுத்தார். பலா லேசில் விடவில்லை. ஆடாத சாமான் ஒன்றை வாழ்நாளில் முதல்தடவையாகச் செய்திருக்கிறோம், அதையும் நாமே அறுக்க வேண்டியிருக்கிறதே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். கடைசித் துண்டைப் பெயர்த்தெறிந்து, தரையைத் தன் தோள் துண்டாலேயே துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

மதுஷா சக்கரத்தைத் தள்ளினாள். எங்கும் முட்டவில்லை. பொன்னையா எல்லார் முன்னாலும் அழுதார்; கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

நிலைக்கு நடுவில் மதுஷா ஒரு கணம் நின்றாள். "நீ வேலைக்குப் போம்மா. நேரமாகுது" என்றாள்.

அதுவரை அம்மாதான் தினமும் அவளை லயத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். அன்று மதுஷா அம்மாவை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.