ரத்தம் கேட்டு வந்தவர்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். எண்பதுகளில் ரத்த மாதிரி சேகரிக்கும் ஓர் ஆராய்ச்சியாளர் எங்கள் மீனவ ஊரான கோட்டைக்குப்பத்துக்கு வந்தபோது, அவரை விசாரிக்கும் வேலை அதனால் என்னிடம் வந்தது.

ஒல்லியான மனிதர், தோளில் ஐஸ் பெட்டி. யாரிடம் ரத்தம் கேட்டாலும் முதலில் தன் விரலைக் குத்திக் காட்டுவார். இவ்வளவு வலிக்கு இவருக்கு என்னதான் கிடைக்கிறது என்று எனக்குச் சந்தேகம். அவரிடமே கேட்டேன்.

"பத்து வருஷமா இதான்மா வேலை. மீனவ ஊர்களோட ரத்தத்தை கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டுப் பார்ப்பேன்."

"பார்த்து?"

"எந்த ஊருக்கு எந்த ஊர் சொந்தம்னு கொஞ்சம் தெரியும்."

பக்கத்தில் இருந்த என் அப்பா, நைனா, நிமிர்ந்தார். எங்கள் ஊர் ஏரியில் முறைவைத்து வலை போடும் உரிமையைப் பாடு என்போம். அது எங்கள் வம்சத்துக்கு மட்டுமே உண்டு. பக்கத்து ஊர் அதில் பங்கு கேட்டு வழக்குப் போட்டிருந்த நேரம்.

"அவங்களும் நாங்களும் ஒரே ரத்தம்னு உன் மிஷின் சொன்னா இன்னா பண்ணுவ சார்?"

"அப்படியே எழுதுவேன்."

"எங்க பாடு பூடுமே."

"போகலாம். போகாதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

சுற்றி நின்ற பெண்கள் நீட்டிய கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். "யாரும் தர மாட்டாங்க சார், கெளம்புங்க" என்றேன். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த வாரம், வேறு குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"அவரா? போன மாசமே எங்கூட்டாண்ட வந்தாரே. பொறந்த ஊரெல்லாம் கேட்டுக்கினுதான் எங்கிட்ட ரத்தம் எடுத்தாரு."

எங்கள் வம்சத்து ரத்தம் அவர் பெட்டிக்குள் ஏற்கெனவே போயிருந்தது. எங்களைக் கேட்காமலே அவர் எழுதியிருக்கலாம். அதற்குப் பிறகும் எங்கள் முன்னால் வந்து நின்று ஏன் உண்மையைச் சொன்னார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.