கடலுக்கு முதுகு காட்டி

புதுச்சேரிக் கடற்கரைச் சுவரில் எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறோம். மாலைச் சூரியனும் அதைப் பிடித்த கிரகணமும் ஊர்ப் பக்கம் இருக்கின்றன. தனியாக வந்த நான் கிரகணம் பார்க்கும் கண்ணாடி கொண்டுவரவில்லை. அதனால் மேலே பார்க்காமல் பார்ப்பவர்களைப் பார்க்கிறேன்.

கிரகணக் கண்ணாடி மாட்டியிருக்கும் பக்கத்துப் பெரியவர் செல்பேசியை நீட்டுகிறார். பிரான்சில் வாழும் மகள், இதே கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைவதைப் பார்க்க ஸ்பெயின் போயிருக்கிறாளாம். அவள் சற்று முன் அனுப்பிய வீடியோவில், இருட்டியதும் எல்லோரும் கண்ணாடியைக் கழற்றிக் கைதட்டுகிறார்கள்.

“எம்பொண்ணு பாத்த மாதிரியே நானும் பாக்கணும்” என்று அவரும் சூரியனைப் பார்த்தபடியே கண்ணாடியைக் கழற்றப் போகிறார்.

யாரிடமும் தானாகப் பேசாத நான் அவர் கையைப் பிடித்துவிடுகிறேன். “வேணாங்க! அங்க முழுசா மூடின கொஞ்ச நேரம்தான் வெறுங்கண்ணால பாக்கலாம். இங்க ஓரம்தான் மறைஞ்சிருக்கு. கண்ணு போயிடும்.”

“இங்க மூடவே மூடாதா?”

“மூடாதுங்க.”

செல்பேசியை அணைத்துச் சட்டைப்பையில் வைக்கிறார்.

“நீ பாத்துட்டு யாருகிட்டம்மா சொல்லுவ?”

“யாருமில்லீங்க.”

“அப்ப எங்கிட்டச் சொல்லு” என்று கண்ணாடியைத் தருகிறார்.

தலை குனிந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்கிறேன். “கடிச்ச பிஸ்கட் மாதிரி இருக்குங்க.”

எனக்கே என் குரல் சத்தமாகக் கேட்கிறது.